பொம்மெல் அம்மாள் யாருடையவள்?

அத்தியாயம் 9

போன வாரம் என் தம்பி கெரியோனைச் சமையலறை மேசையில், விரித்த பத்திரிகைக்கு முன்னால், ஆறிப்போன காப்பியோடு உட்கார வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இந்த வாரம்தான் முதல்முறையாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அவனிடம் வருகிறேன்.

நான் ஊர்ஸெல் நெட்டெகோவன்; எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் குடும்பப் பெயர். கெரியோனுக்கு அக்கா. கொலோனில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் அவனும் அவன் மனைவி மார்லிஸும் இருந்தார்கள். மேல் அறையில் நான். பதினோரு வருடம் அவர்கள் இருவரும் ஜோடியாக மேடை ஏறி ஊரைச் சிரிக்க வைத்தவர்கள். பெரிய மேடை என்று எண்ணிவிட வேண்டாம். பியர் கடைகளின் பின்னறை, சங்கத்து விழா, கார்னிவல் சமயத்தில் ஏதாவது பள்ளிக்கூடத்து மண்டபம்.

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் 'யுக்ஸ்' வந்தது. இருபத்து நாலு மணி நேரமும் நகைச்சுவை மட்டுமே காட்டுகிற சேனல். செய்தி கிடையாது, வானிலை கிடையாது, கால்பந்து கூடக் கிடையாது. நாள் முழுக்கப் பழைய தொடர்களைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அவர்களே சொந்தமாகத் தயாரித்தது ஒன்றே ஒன்று, வியாழக்கிழமை தோறும் வரும் 'பொம்மெல் அம்மாள்'.

பொம்மெல் அம்மாள் எங்கள் சமையலறையில் பிறந்தவள். தலை நிறைய முடியைச் சுருட்டுகிற உருளைகள், மேலே வலை, பூப்போட்ட ஏப்ரன். கதவில் இருக்கிற கண்ணாடித் துளைக்குப் பின்னால் வாழ்கிறவள். படிக்கட்டைத் துடைக்கும் முறை இந்த வாரம் யாருடையது, மதிய அமைதி நேரத்தில் சிரித்தது யார் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவளுக்காக மார்லிஸை எடுத்துக்கொண்டார்கள். கெரியோனை எடுக்கவில்லை. "ஒரு முகம் போதும்" என்றார் சேனல் மேனேஜர் ரூட்லோஃப். அவனுக்குக் கொடுத்தது, படப்பிடிப்புக்கு முன்னால் பார்வையாளர்களைச் சிரிக்க வைத்துத் தயாராக்குகிற வேலை. எங்கள் பேச்சில் அதற்கு அடுப்பு மூட்டுகிறவர் என்று பெயர். அவன் மூட்டுவான், அவள் சமைப்பாள். நான் மார்லிஸுக்குத் தலைமுடி அலங்காரமும் மேக்கப்பும் செய்தேன்.

அன்றைய பத்திரிகையில் மார்லிஸின் பேட்டி வந்திருந்தது. "பொம்மெல் அம்மாளை நான்தான் உருவாக்கினேன். ஒரு மழை நாளில், தனியாக."

தனியாக என்ற சொல்லின் கீழே கெரியோன் பேனாவால் கோடு போட்டிருந்தான். ஒரு கோடு அல்ல, மூன்று.

*

நவம்பர் மாதத்து மூன்றாவது வியாழன். மார்லிஸை அழைத்துப்போக கார் வந்து ஒன்பது மணிக்கே போய்விட்டது. நானும் கெரியோனும் ட்ராம் நிறுத்தத்தில் பனியில் நின்றோம்.

ட்ராம் வந்தது. அதன் வயிறு முழுக்க விளம்பரப் படமாக மார்லிஸ். சுருள் உருளைகளோடு, ஒரு கண்ணை மட்டும் விரித்துக்கொண்டு.

"ஏறு" என்றேன்.

"நீ போக்கா. நான் அடுத்ததுல வரேன்."

"அடுத்ததுலயும் அவதான் இருப்பா."

"அதுக்கடுத்தது ஷாம்பு விளம்பரம். எனக்குத் தெரியும்."

"தினமுமா இப்படி நிக்கிறே?"

அவன் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். ட்ராம் கதவு மூடிக்கொண்டது. நானும் ஏறவில்லை. இரண்டு பேரும் ஷாம்புக்காகக் காத்திருந்தோம்.

"பேட்டியைப் பத்தி அவகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். 'பத்திரிகைக்காரங்க சுருக்கிட்டாங்க'ன்னா. சுருக்கினா 'நாங்க ரெண்டு பேரும்'ங்கறது 'தனியாக'ன்னு ஆகுமாக்கா?"

ஆகாது என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் சொல்லவில்லை. எங்கள் அப்பா கார்னிவல் மேடையில் பீப்பாய்க்குள் நின்று சிரிப்புப் பேச்சுப் பேசிப் பெயர் வாங்கியவர். ஒத்திகைக்குப் போகும்போதெல்லாம் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போவார், தொப்பிக்கு இறகு தைக்க. முகத்தைச் சுவரில் ஒட்டவில்லை என்று ஒருவன் அழும்போது, ஊசியோடு உட்கார்ந்திருந்தவள் எவ்வளவு தூரம் இரங்குவாள்?

*

ஸ்டூடியோ ரைன் நதிக்கு அந்தப் பக்கம், பழைய கம்பித் தொழிற்சாலை ஒன்றில் இருந்தது. நான் உருளைகளைச் சூடாக்க வைத்துக்கொண்டிருந்தேன். கெரியோன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"இதைப் படி."

ஃபேக்ஸ் காகிதம். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பார்வையாளர் பட்டியலைக் கொடுக்க ரூட்லோஃபின் அறைக்குப் போயிருக்கிறான்; அவர் இல்லை; இயந்திரம் இதைத் துப்பிக்கொண்டிருந்ததாம். ஹாம்பர்க்கில் இருக்கிற பங்குதாரர்கள் எழுதியிருந்தார்கள். நவம்பர் முப்பதாம் தேதியோடு யுக்ஸ் ஒளிபரப்பை நிறுத்துகிறது. எட்டு மாதம் கூட முழுசாக ஆகவில்லை.

"அய்யோ" என்றேன். நாற்பத்தேழு வயதில் எனக்குக் கிடைத்த நிரந்தர வேலை அது.

"ஆமா" என்றான் கெரியோன். "அய்யோதான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தான். அடக்கியது அழுகையை அல்ல.

"கெரியோன், உனக்குச் சந்தோஷமா இருக்கு."

"சே."

"கண்ணாடியில பாரு."

மேக்கப் கண்ணாடியைச் சுற்றி இருபது பல்பு. ஒன்றும் மறையாது. அவன் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"முப்பதாம் தேதிக்கப்புறம் ட்ராம்ல படம் இருக்காதுக்கா" என்றான் மெதுவாக. "அதான் முதல்ல தோணிச்சு. அப்புறம்தான் மத்ததெல்லாம் தோணிச்சு. உன் வேலை, அவ வேலை, எல்லாம்."

"அவகிட்ட நான் சொல்லணுமா?"

"வேண்டாம், வேண்டாம். படப்பிடிப்பு முடியட்டும்."

காகிதத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறேன் என்று போனான். நடையில் ஒரு துள்ளல். அவனுக்கே தெரியாமல்.

*

பத்து நிமிடத்தில் மார்லிஸ் வந்து உட்கார்ந்தாள். நான் அவள் முடியைப் பிரித்து ஒவ்வொரு உருளையாகச் சுற்ற ஆரம்பித்தேன். முப்பத்தாறு உருளை. நாற்பது நிமிட வேலை. அந்த நாற்பது நிமிடத்தில் அவள் என்னிடம் சொல்லாத விஷயம் கிடையாது.

"ஊர்ஸெல், ஒண்ணு சொல்லுவேன். கெரியோன்கிட்ட மூச்சு விடக்கூடாது."

"சொல்லு."

"யுக்ஸை மூடறாங்க."

என் கை நின்றுவிட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு வாரமாத் தெரியும். ரூட்லோஃப்தான் சொன்னார். உனக்கு?"

"எனக்கு... இப்போ நீ சொன்னதுதான்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"மியூனிக்ல பெரிய சேனல்லேர்ந்து ஒரு அம்மா இன்னிக்கு வராங்க. தால்ஹாமர்னு பேரு. மூணாவது வரிசை, ஓரத்து நாற்காலி. என்னைப் பாக்கத்தான் வராங்க. ரூட்லோஃப்தான் ஏற்பாடு பண்ணியிருக்கார், போகற போக்குல எனக்கு ஒரு நல்லது செய்யணும்னு."

"உன்னை மட்டுமா?"

"என்னை மட்டும்."

"கெரியோன்?"

"கெரியோன், கெரியோன்!" அவள் தலையை ஆட்டியதில் ஒரு உருளை நழுவியது. "நான் ஒண்ணு சொல்லட்டுமா? ஒவ்வொரு வியாழனும் நான் திரைக்குப் பின்னாடி நின்னு அவனுக்கு எத்தனை சிரிப்பு வருதுன்னு எண்ணறேன். போன வாரம் முப்பத்தொண்ணு. எனக்கு இருபத்தாறு. எனக்கு எழுதிக் குடுக்கறவங்க மூணு பேர், விளக்கு, கேமரா, செட்டு. அவனுக்கு ஒரு மைக்கு. அதுலயே அவன் என்னை ஜெயிச்சுட்டுப் போறான். ஜெயிச்சுட்டு வீட்ல வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறான், பாவம் மாதிரி."

இது எனக்குப் புதிது. அவன்தான் அவளைப் பார்த்து வேகிறான் என்று நினைத்திருந்தேன். இங்கே இரண்டு பக்கமும் எரிந்துகொண்டிருந்தது.

"அதனாலதான் தனியாகன்னு சொன்னியா?"

அவள் மூக்குக்குப் பவுடர் போடச் சொல்லிக் காட்டினாள்.

*

இனிமேல் எழுதப்போவதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டரை மணிக்கு நடையில் கெரியோன் எதிரே வந்தான். கையில் மைக். கூடத்துக்குள்ளே பெர்க்ஹைமிலிருந்து பஸ் பிடித்து வந்த பந்துருட்டி விளையாடும் சங்கத்துக்காரர்கள் இருக்கைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் பேசாமல் போயிருக்கலாம். போயிருந்தால் அன்றைய பொழுது வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"மூணாவது வரிசை ஓரத்துல ஒரு அம்மா உக்காருவாங்க" என்றேன். "மியூனிக்லேர்ந்து. மார்லிஸைக் கூட்டிட்டுப் போக."

"என்னது?"

"மூடறது அவளுக்கு ஒரு வாரமாத் தெரியுமாம்."

தம்பிமேல் இருந்த பாசத்தால் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. அவர்கள் இருவரில் யாராவது ஒருவர் தப்பித்து மேலே போய்விடுவார், நான் உருளைகளை எண்ணிப் பெட்டியில் போட்டு வீட்டுக்குப் போவேன் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

கெரியோனின் முகத்திலிருந்த துள்ளல் வடிந்தது. ட்ராமில் இருக்கிற படம் போய்விடும் என்றுதான் அவன் மகிழ்ந்திருந்தான். இப்போது அந்தப் படம் நாடு முழுக்க ஒட்டப்படப் போகிறது.

"சரிக்கா" என்றான். ரொம்ப மென்மையாக.

*

வழக்கமாக அவன் செய்வது இதுதான்: எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்பான், பஸ் டிரைவரைக் கிண்டல் செய்வான், கையைத் தூக்கினால் கைதட்ட வேண்டும், விரலைச் சுழற்றினால் ஓவென்று கத்த வேண்டும் என்று பழக்குவான். பத்து நிமிடம்.

அன்று அவன் பஸ் டிரைவரைக் கேட்கவே இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாளிடமிருந்து கழுத்துத் துணியை வாங்கித் தலையில் கட்டினான். முதுகைக் கூனினான். ஒரு கண்ணை விரித்தான்.

"நான் ஒட்டுக் கேக்கறவ இல்ல" என்றான் மூக்கால். "சுவருதான் என் காதுகிட்ட வந்து நிக்குது."

கூடம் அதிர்ந்தது.

நான் திரையோரத்தில் நின்றிருந்தேன். அது மார்லிஸ் இன்னும் கால் மணி நேரத்தில் சொல்ல வேண்டிய முதல் வரி.

"ஞாயித்துக்கிழமை யாரோ பாட்டில் போட்டாங்க. சத்தம் கேட்டது. பதினாலு பாட்டில். பன்னெண்டு ஒயின், ஒண்ணு ஊறுகாய், ஒண்ணு இருமல் மருந்து. யாருக்கு இருமல்னு நான் கேக்கலை. மூணாவது மாடியில யார் இருமறாங்கன்னு எனக்குத் தெரியும். அவர் மூணாவது மாடியில குடியில்லைங்கறதும் தெரியும்."

ஒரு பருமனான மனிதர் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வரிசை ஓரத்தில் சாம்பல் கோட்டு அணிந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மதியம் ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் அமைதி நேரம். சிரிக்கணும்னா மூணு மணிக்கு மேல சிரிங்க. ஜன்னலைச் சாத்திட்டு. தனித்தனியா."

ஒத்திகைகளில் கேட்டிருந்ததையெல்லாம் கொட்டினான். அன்றைய நிகழ்ச்சிக்கு எழுதியிருந்த எதையும் அவன் மிச்சம் வைக்கவில்லை. என் பின்னால் மூச்சு கேட்டது. திரும்பினேன். ஏப்ரனோடு, முப்பத்தாறு உருளைகளோடு மார்லிஸ். உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ஸெல்" என்றாள். "அவனுக்குத் தெரிஞ்சுடுச்சா?"

நான் குனிந்து அவள் ஏப்ரன் முடிச்சைச் சரிசெய்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு விளக்கு எரிந்தது, அவள் பெயரைச் சொன்னார்கள், போனாள்.

*

"நான் ஒட்டுக் கேக்கறவ இல்ல" என்று ஆரம்பித்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் யாரோ, கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு, உரக்கவே சொன்னார்: "இதை இப்பத்தானே அந்த ஆளு சொன்னாரு."

அவள் அடுத்த வரிக்குப் போனாள். ஒரு இருமல் சத்தம் வந்தது. அவ்வளவுதான். கெரியோன் மேடைக்குப் பக்கத்தில், கேமராவுக்குக் கீழே தன் வழக்கமான இடத்தில் நின்றான். முகம் வெளுத்திருந்தது. செய்து முடித்துவிட்டான், முடித்த பிறகு அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறான்.

மார்லிஸ் நின்றாள். மெல்லத் தலையிலிருந்த வலையைக் கழற்றினாள். உருளைகள் ஒவ்வொன்றாக மேடையில் விழுந்தன.

"சரி" என்றாள், தன் சொந்தக் குரலில். "பொம்மெல் அம்மா இன்னிக்கு முன்கூட்டியே வந்துட்டுப் போயிட்டாங்க. நான் அவங்களுக்கு மேல் வீட்டுக்காரி. எனக்கு ஒரு புருஷன் இருக்கார்."

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நல்லவர். எனக்கு உடம்பு சரியில்லைன்னா சூப் வெச்சுத் தருவார். நான் நல்லா இருந்தாத்தான் அவருக்கு உடம்பு சரியில்லாமப் போகும்."

ஒரு சிரிப்பு. பிறகு பத்து. பிறகு எல்லாரும்.

"ட்ராம்ல என் படம் இருந்தா ஏற மாட்டார். அடுத்ததுக்கு நிப்பார். அடுத்ததுலயும் நான். பனியில நின்னு நின்னு அவருக்கு ஜலதோஷம். யாரால? என்னால. வீட்டுக்கு வந்து என் மூஞ்சிமேலயே தும்மறார்."

அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் திகைத்தேன். காரில் போகிறவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் கூட இறங்கி வந்து கேட்கவில்லை.

"இன்னிக்கு என் கடைசி நாட்கள்ல ஒண்ணு. அதனால உண்மையைச் சொல்லிடறேன். அவர் என்னைவிட நல்லாச் சிரிக்க வைப்பார். இப்பப் பாத்தீங்க இல்லையா? எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் பத்திரிகைக்காரன்கிட்ட 'தனியாக'ன்னு சொன்னேன். ஏன் சொன்னேன்? வீட்ல ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே கண்ணாடிதான் இருக்கு. அவர் நகரவே மாட்டேங்கறார்."

இரண்டாவது கேமராக்காரர் சட்டென்று கெரியோன் பக்கம் திருப்பினார். கூடத்துத் திரையில் அவன் முகம் பெரிதாக வந்தது. சிவந்து, வாய் பாதி திறந்து. கூட்டம் அவனைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்தது.

அப்போது அவன் செய்ததை என்னால் மறக்க முடியவில்லை. பழக்க தோஷம். கையைத் தூக்கினான். கைதட்டுங்கள் என்ற சைகை. எட்டு மாதமாக ஒவ்வொரு வியாழனும் செய்தது. தன்னையே கிழித்துப் போடுகிறவளுக்குக் கைதட்டச் சொல்லிக் காட்டினான். கூடம் எழுந்து நின்று தட்டியது.

*

படப்பிடிப்பு முடிந்ததும் ரூட்லோஃப் எல்லாரையும் நிற்க வைத்து ஃபேக்ஸைப் படித்தார். விளக்குக்காரர் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். வரவேற்பு மேசைப் பெண் அழுதாள். சீஸ் வைத்த ரொட்டிகளை ஒரு தட்டில் வைத்து எல்லாரிடமும் கொண்டுவந்தார்கள், ஒருவரும் தொடவில்லை. மிச்சமிருக்கிற நாட்களில் பழைய தொடர்கள் ஓடிக்கொண்டிருக்கும், சொந்தமாக இனி எதுவும் எடுக்க மாட்டார்கள் என்றார். கெரியோன் எங்கேயோ வெளியே போயிருந்தான். மார்லிஸ் ஏப்ரனைக் கழற்றாமல் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

கோட்டு மாட்டும் இடத்தில் தால்ஹாமர் அம்மாள் என்னைப் பிடித்தாள்.

"நீங்க அவங்க வீட்டு ஆளா?"

"ஆமாங்க."

"இன்னிக்கு ஏழு மணிக்கு வீட்டுக்குப் போன் பண்றேன். ரெண்டு பேரும் இருக்கணும்."

"ரெண்டு பேருமா? உங்களுக்கு யார் வேணும்?"

"அதைப் போன்ல பேசிக்கலாம்" என்று நோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

*

ஆறே முக்கால். சமையலறை. நான் மூன்று கோப்பை டீ வைத்தேன். கெரியோன் ஜன்னலோரம். மார்லிஸ் மேசையில், உருளைகள் இல்லாமல் தலைமுடி பாதி சுருண்டும் பாதி நேராகவும்.

"என் வாயிலேர்ந்து அந்த வரிகளைப் பிடுங்கிட்டே" என்றாள்.

"என் வரிகள். நானே எடுத்துக்கிட்டேன்."

"அந்த அம்மா வராங்கன்னு தெரிஞ்சே பண்ணினே."

"நீ மியூனிக் போறதை எங்கிட்ட சொல்லாம இருந்தே. ஒரு வாரமா ஒரே படுக்கையில படுத்துட்டு."

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா..." அவன் நிறுத்தினான். "சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியலை."

அவள் சிரித்துவிட்டாள், கசப்பாக. "இதையாவது உண்மையாச் சொன்னியே."

"மேடையில ஊருக்கே என் மூஞ்சியைக் காட்டினியே, அது?"

"அதுக்கு எத்தனை சிரிப்பு வந்ததுன்னு நீ எண்ணலையா?"

"நாப்பத்திநாலு" என்றான் அவன் உடனே.

இருவருமே எண்ணுகிறவர்கள் என்று இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"அன்னிக்கு மழை" என்றாள் மார்லிஸ், வேறு குரலில். "நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். கீழ் வீட்டுக்காரி விளக்குமாத்துக் கட்டையால இடிச்சா. நான் தலையில துண்டைக் கட்டிட்டு அவ மாதிரிப் பேசினேன்."

"குரல் என்னுது. நான் மேசைமேல ஏறி நின்னு பேசினேன். நீ சிரிச்சு சிரிச்சுத் தட்டைக் கீழ போட்டே."

"தட்டைப் போட்டது நீ."

"நீதான்."

தட்டைப் போட்டது நான்.

அந்த மழை நாளில் மேசையின் மூன்றாவது நாற்காலியில் நான் இருந்தேன். துணியால் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து இடித்தவுடன், யோசிக்காமல், மூக்கால் சொன்னேன்: "நான் ஒட்டுக் கேக்கறவ இல்ல. சுவருதான் என் காதுகிட்ட வந்து நிக்குது." சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்து தட்டு நழுவியது. கெரியோன் மேசைமேல் ஏறி அதையே திரும்பச் சொன்னான், என்னைவிட நன்றாக. மார்லிஸ் துண்டைக் கட்டிக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னாள், அவனைவிட நன்றாக. நான் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன். பொறுக்கி நிமிர்வதற்குள் பொம்மெல் அம்மாள் அவர்களுடையவள் ஆகிவிட்டாள்.

டெலிபோன் அடித்தது.

இருவரும் எழுந்தார்கள். இருவரும் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

"நெட்டெகோவன் வீடா? தால்ஹாமர் பேசறேன். ரெண்டு பேரும் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நேரா விஷயத்துக்கு வரேன். எங்களுக்கு அந்த பொம்மெல் அம்மா வேணும். பெரிய நிகழ்ச்சி, ரெண்டு வருஷம். நடிக்கப்போறது யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம். ஆனா அது யாரோட சொத்துன்னு எனக்குத் தெளிவாத் தெரியணும். பத்திரிகையில ஒண்ணு சொல்றாங்க, மேடையில ஒண்ணு சொல்றாங்க. எங்க வக்கீலுக்கு ஒரே ஒரு பேர் போதும். உருவாக்கினவர் யாரோ அவங்கதான் எங்களோட உக்காந்து எல்லாத்தையும் முடிவு பண்ணுவாங்க, நடிகரையும் சேத்து. யார் அது?"

நான் ரிசீவரைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியைச் சொன்னேன்.

மார்லிஸ் கண்ணை மூடினாள். திறந்தாள். "அவனோடதுன்னு சொல்லிடு."

கெரியோன் அவளையே பார்த்தான். பல மாதமாக அவன் அவளை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. "இல்லக்கா" என்றான். "அவளோடது. அவ இல்லாம அது வெறும் குரல்தான்."

"டேய், லூசு. நான் சொல்றேன் இல்ல?"

"நீ சும்மா இரு."

அவள் கை மேசையைத் தாண்டி நீண்டது. அவன் பிடித்துக்கொண்டான். காலையிலிருந்து ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டவர்கள் இப்போது ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார்கள், கண்ணில் நீரோடு. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். அவர்களைச் சண்டைக்கு மூட்டிவிட்டவளே நான்தானே.

ஆனால் அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பெயர்களைச் சொல்லி முடித்தாகிவிட்டது. மூன்றாவது ஒன்று இருக்கலாம் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை.

"ஹலோ?" என்றாள் தால்ஹாமர். "நெட்டெகோவன்னு தெரியும். எந்த நெட்டெகோவன்? முதல் பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

நான் ரிசீவரை மறைத்த கையை எடுத்தேன்.

"ஊர்ஸெல்" என்றேன்.